சீதன வயலில் கொட்டிய கறுப்பு மண்

வல்லிபுரத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அது ஊரறிந்த விடயம். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தல் காலை ஆட்டிப் பார்த்து, இது சரிவராது என்று பிடுங்கி மறுபடி நடுவார். செத்த வீட்டுக்குப் போனால் பாடை கட்டுகிறவனிடமிருந்து கயிற்றை வாங்கித் தானே முடிச்சுப் போடுவார். ஒரு ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தமாடப் போன மனிதர், குளத்துப் படியில் பாசி வழுக்குகிறதென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியைத் தேய்க்கத் தொடங்கி, சாமி தீர்த்தமாடித் திரும்பிப் போனதைக்கூடக் காணவில்லை. அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

நல்ல மனிதர்தான். ஊரில் பத்துப் பேர் நன்றாக இருப்பதற்கு அவருடைய கையும் ஒரு காரணம். ஒரு பிள்ளையின் வாழ்க்கை கோணிப்போனதற்கும் அதே கைதான் காரணம். அவருடைய கதையைச் சொல்ல வந்தால் பத்தை விட்டுவிட்டு அந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணாமுனை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, வாவிக்கு அப்பால் படுவான்கரை. பெரிய வயல்களும் குளங்களும் அக்கரையில்தான். இக்கரையில் வாவியோரமாக ஒரேயொரு சிறிய வயல்வெளி உண்டு. சின்ன வட்டை என்று அதற்குப் பெயர். மழையை நம்பி மாரியில் மட்டும் வேளாண்மை செய்வார்கள். வட்டைக்கும் வாவிக்கும் இடையில் கண்ணாக்காடு. உப்புச் சேற்றுக்குள் நாலாபக்கமும் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கும் மரம் கண்ணா. ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்தக் காடுதான்.

வல்லிபுரத்திடம் ஒரு பழைய டிரக்டர் இருந்தது. உழவு, நெற்சூடு மிதிப்பு, செங்கல் ஏற்றுவது என்று எல்லாவற்றுக்கும் அது ஓடும். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மண் போடுகிற வேலை. கோடையில் படுவான்கரைக் குளங்கள் வற்றி அடிமண் வெடித்துக் கிடக்கும்போது, விளைந்து விளைந்து களைத்த வயல்களின் சொந்தக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் குளத்தின் கறுப்பு வண்டலை அள்ளிக் கொண்டுவந்து கொட்டி, ஒரு சாண் கனத்துக்குப் பரப்பிவிடுவார். அடுத்த மாரியில் நெல் வேளாண்மை கரும்பச்சையாக எழும்பும். கறுப்பு மண் கைவிடாது என்று அவர் சொல்லுவார். குளத்து மண்ணைப் பொறுத்தவரை அதில் ஒரு பிழையும் இல்லை.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை உழைத்துத் தங்கச்சியைக் கரையேற்றிவிட்டு, கையை வீசிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போகவேண்டியவன். வல்லிபுரமும் அப்படித்தான் போனார். சின்ன வட்டையில் வாவியோரமாக இருந்த கடைசி வயல், தங்கச்சி சீதேவிப்பிள்ளைக்குச் சீதனமாகப் போயிற்று. அவளுடைய புருசன் தொண்ணூறாம் ஆண்டுக் குழப்பத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டவர், திரும்பி வரவில்லை. பிறகு அந்த வயலை உழுது, விதைத்து, வெட்டி, நெல்லைத் தங்கச்சி வீட்டு வாசலில் இறக்குவது வல்லிபுரத்தின் வேலையாயிற்று. வயல் நாளைக்கு யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சீதேவிப்பிள்ளைக்கு ஒரே மகள், தக்ஷாயினி.

அந்தக் காலத்தில்தான் காடும் போனது. வாவியால் தோணியில் வருகிறவர்கள் மறைந்து நிற்கக் கூடாதென்று கரையோரக் கண்ணாவை வெட்டித் துப்புரவாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. துவக்கு வைத்திருக்கிறவன் சொன்னால் ஊர் என்ன செய்யும்? வெட்டியது. வெட்டிய மரத்தை ஏற்றி இறக்கியது வல்லிபுரத்தின் டிரக்டர். நாகதம்பிரான் கோயிலைச் சுற்றி நின்ற ஒரு துண்டுக் காட்டை மட்டும் பாம்புக்குப் பயந்தோ சாமிக்குப் பயந்தோ யாரும் தொடவில்லை. மற்ற இடமெல்லாம் கட்டைகளும் கறுத்த சேறுமாய்க் கிடந்தது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. வல்லிபுரம் விடியவே உரம் ஏற்றிக்கொண்டு வெல்லாவெளிப் பக்கம் போயிருந்தார். கடல் எழும்பி வந்து, வீடுகளைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கதிர் வெளிவராமல் குடலைப் பருவத்தில் நின்ற சின்ன வட்டை வேளாண்மையைத் தாண்டி வாவிக்குள் விழுந்தது. டியூசனுக்குப் போயிருந்தபடியால் தக்ஷாயினி தப்பினாள். சீதேவிப்பிள்ளையை வல்லிபுரம்தான் கண்டெடுத்தார். வெட்டிய கண்ணாக் கட்டைகளுக்கு இடையில் கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து அதே டிரக்டர் பெட்டியில் கிடத்தினார். அன்றைக்கு முதலும் கடைசியுமாக, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நின்றதை ஊர் கண்டது.

அடக்கம் முடிந்து அகதி முகாமில் பாயில் உட்கார்ந்திருந்தபோது, தங்கச்சி விட்டுப் போனவை இரண்டு என்று அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். ஒன்று பிள்ளை, மற்றது வயல். பிள்ளைக்கு இனி அந்த வயலைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. வீடு இருந்த இடத்தில் நிலைக்கல்கூட மிஞ்சவில்லை.

வயலிலோ கடல்தண்ணீர் வற்றி, உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சின்ன வட்டை முழுவதும் அதே கதிதான். விவசாயப் போதனாசிரியர் வந்து வட்டைக்காரரைக் கூட்டி வைத்துச் சொன்னார். வடிச்சல் வாய்க்காலைத் திறந்து விடுங்கள், இரண்டு மாரி மழை கழுவட்டும், அதுவரை ஒன்றும் செய்யாமல் விடுங்கள், உப்பு தானாகப் போய்விடும் என்றார். வல்லிபுரம் முன்வரிசையில் இருந்து, “ஒண்டும் செய்யாம இரிக்கச் சொல்லுறதுக்கும் கவுமேந்தில சம்பளம் குடுக்கிறாங்களா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. போதனாசிரியரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விட்டார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பள்ளிக்கூடத்தில் வல்லிபுரமும் படித்தவர்தான். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டார்.

அவருக்கு அவசரம் இருந்தது, உண்மைதான். முகாமுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர்களில் வெல்லாவெளிப் பொடியன் ஒருவன், ரதீஸ் என்று பேர். ஒரு பார்சலைக் கொடுக்க வந்தவன், பிறகு பார்சல் இல்லாத நாட்களிலும் வந்தான். தக்ஷாயினியும் அவன் வருகிற நேரத்துக்குத் தலையைச் சீவிக்கொண்டு நின்றாள். தாய் செத்து அரை வருசத்துக்குப் பிறகு, அந்தப் பிள்ளையின் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பைக் கண்டது அப்போதுதான். ரதீஸின் வீட்டாரும் நல்ல சனம். தாயில்லாப் பிள்ளை என்று குறை சொல்லவில்லை. வயல் ஒன்று இருக்கிறதாமே, மாரியில் வந்து வேளாண்மையைப் பார்த்துவிட்டு நாள் வைப்போம் என்றார்கள். வேளாண்மைக்காரன் வயலைப் பார்க்கத்தான் கேட்பான். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு மாரி பொறுக்க வல்லிபுரத்துக்கு முடியவில்லை. இந்த மாரியிலேயே அந்த வயல் பச்சையாக நிற்கவேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், கறுப்பு மண். உப்பு மேலே பூத்திருந்தால் அதன்மேல் ஒரு சாண் நல்ல மண்ணைப் பரப்பினால் போயிற்று. ஆனால் குளங்கள் எல்லாம் அக்கரையில். அந்தக் கோடையில் இரண்டு கரையிலும் கெடுபிடி. மண் ஏற்றிய பெட்டியோடு சோதனைச் சாவடி தாண்டுவதென்றால் மண்ணை அங்கேயே கொட்டிக் காட்டிவிட்டு மறுபடி அள்ள வேண்டும். ஒரு தடவை கொட்டி அள்ளியவர், வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து யோசித்தார். யோசித்தவரின் கண்ணில் பட்டது, வயலுக்குப் பக்கத்திலேயே மரம் வெட்டி வெறுமையாய்க் கிடந்த கண்ணாக்காட்டுச் சேறு. குளத்து மண்ணைவிடக் கறுப்பு. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. இத்தனை வருசமாக இதைக் காலடியில் வைத்துக்கொண்டா குளம் குளமாக அலைந்தேன் என்று அவர் சிரித்துக்கொண்டார்.

இடிபாடு அள்ள பெக்கோ இயந்திரத்தோடு வந்திருந்தவனைப் பிடித்து, தோண்டத் தொடங்கினார். நாற்றம் ஊரைத் தூக்கியது. கூழ்முட்டை நாற்றம். ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் நண்டும் மீனும் வாங்க வருகிற ஆதம்பாவா, மூக்கைத் துவாயால் பொத்திக்கொண்டு நின்று பார்த்தார்.

“வல்லிபுரண்ணே, இந்த மண் தண்ணிக்குள்ள கிடக்கக்குள்ள நாறல்ல. நீங்க வெளிய எடுத்தாப் பிறகுதான் நாறுது. என்னமோ எனக்கு மனசுக்குச் சரியாப் படல்ல” என்றார்.

நாறினால்தான் அது உரம், மாட்டுச் சாணம் என்ன சந்தனமா மணக்கிறது என்று வல்லிபுரம் திருப்பிக் கேட்டார். தக்ஷாயினியும் வரம்பில் நின்று ஒரு கேள்வி கேட்டாள். அதுவும் உப்புத்தண்ணீர் மண்தானே மாமா என்றாள். மழை கழுவிவிடும் மகள் என்றார் அவர். அந்த மழை வயலைக் கழுவாதா என்று அப்போது தன்னைத் தானே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு பெக்கோக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

ஆடி முடிவதற்குள் வயல் முழுக்கக் கறுப்பு. வெயிலில் காய்ந்து வெடித்தது. வெடிப்புகளுக்குள் மஞ்சள் தூவியது மாதிரிப் புள்ளி புள்ளியாக ஏதோ பூத்தது. இலட்சுமிப்பிள்ளை அதைப் பார்த்து, மஞ்சள் பூத்திருக்கிறது, கலியாணக் காரியம் நல்லபடி நடக்கும் என்றாள். அவளைச் சொல்லி என்ன, எல்லோரும் அதைத்தான் நம்ப விரும்பினார்கள்.

முதல் மழைக்கு விதைத்தார். முளைத்தது, அழகாகவே முளைத்தது. இரண்டு இலை விட்டது. மூன்றாம் இலை வரும்போது நுனி சிவந்தது. பிறகு வயலில் நின்ற தண்ணீர் துருப்பிடித்த வாளித் தண்ணீர் போல நிறம் மாறியது. அதில் கால் வைத்தால் விரலிடுக்கில் எரிந்தது. தை பிறப்பதற்கு முன் வயல் முழுக்கத் தீய்ந்துபோனது. நெருப்பு வைத்த மாதிரி என்று சொல்லலாம், ஆனால் நெருப்பு வைத்த வயலில்கூட அடுத்த மழைக்குப் புல் முளைக்கும்.

ரதீஸின் வீட்டார் சொன்னபடி வந்தார்கள். வரம்பில் நின்று பார்த்தார்கள். ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. தேத்தண்ணீர் குடித்தார்கள், வெற்றிலை போட்டார்கள், போனார்கள். நாட்டு நிலைமை சரியில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று பிறகு சொல்லியனுப்பினார்கள். அவர்களுக்காவது பொறுக்கத் தெரிந்திருந்தது. ரதீஸ் ஒரு தடவை தனியே வந்து தக்ஷாயினியோடு கோயிலடியில் கதைத்துவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு சண்டை மறுபடி மூண்டு பாதைகள் அடைபட்டன. திறந்தபோது அவனுக்குக் கலியாணம் முடிந்திருந்தது.

தக்ஷாயினி அழுததை வல்லிபுரம் காணவில்லை. அவள் யாருக்கும் காட்டவில்லை. ஒரு நாள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் சொன்னாள். விமான நிலையத்துக்கு வான் ஏறும்போது அவருடைய காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் தலையில் கையை வைத்தார். அந்தக் கையைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

இதைவிடப் பெரிய தண்டனை ஒன்று பிறகுதான் வந்தது. இரண்டு மாரி பெய்தது. சின்ன வட்டையில் ஒன்றும் செய்யாமல் வெறுமனே விட்டிருந்த வயல்களெல்லாம் போதனாசிரியர் சொன்னபடியே உப்பு நீங்கிப் பச்சை பிடித்தன. வரம்புக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு வேளாண்மை. அந்தப் பக்கம் சீதேவிப்பிள்ளையின் வயல், புல்லும் இல்லாமல் செம்மண்ணாங்கட்டியாய். வட்டைக்குள் யார் நுழைந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். யாரும் அவருக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் சொல்லியிருப்பார்கள், ஊர் என்றால் அதற்குத்தானே.

அதற்குப் பிறகாவது சும்மா இருந்தாரா என்றால், இல்லை. சுண்ணாம்பு போட்டார். கோழி எரு போட்டார். உழுது புரட்டினார், அது இன்னும் அடிமண்ணை வெயிலுக்குக் காட்டியது. வாவித்தண்ணீர் மாரியில் உள்ளே வந்துவிடக் கூடாதென்று வாவிப் பக்க வரம்பை ஆள் உயரத்துக்குக் கட்டினார். பெரிய உழைப்பு, பார்த்தவர்கள் மெச்சினார்கள். வயலோ வருசா வருசம் இறங்கிக்கொண்டு போனது. ஒரு சாண் மண்ணைப் போட்டாரே, அதில் பாதியைக் காணோம். மழை அடித்துக்கொண்டு போகவில்லை, வரம்பு தாண்டவில்லை. மண் எங்கே போனதென்று அவருக்கு விளங்கவேயில்லை.

போர் முடிந்து சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்ற காலத்தில், பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிப்பிக்கும் ஹிதாயா என்ற பெண் கண்ணாமுனைக்கு வந்தாள். ஏறாவூர்ப் பிள்ளை. ஆதம்பாவாதான் அவளை வல்லிபுரத்திடம் கொண்டுவந்து விட்டார். நீளமான குழாய்களும் பெட்டிகளும் வைத்திருந்தாள். சேற்றுக்குள் அவற்றைக் கொண்டுபோக டிரக்டரும் ஆளும் தேவை. காட்டை வெட்டினால், நட்டால், தொடாமல் விட்டால், மரத்துக்கு என்ன ஆகிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள், அடியில் மண்ணுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் வந்தேன் என்றாள்.

முதலில் நாகதம்பிரான் கோயில் காட்டுக்குள் குழாயை இறக்கினாள். ஒரு ஆள் ஆழத்துக்கு இறங்கியது. இழுத்துப் பிளந்து பார்த்தால் மேலிருந்து அடிவரை கறுப்பு. அடியில் பழைய இலை, பழைய வேர், நார் நாராக அப்படியே இருந்தன. இந்த வேர் உங்கள் பாட்டன் பூட்டனுக்கும் முந்தியதாக இருக்கலாம் என்றாள் ஹிதாயா. பிறகு, சுனாமிக்குப் பின் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் கண்ணாக் கன்று நட்ட இடத்துக்குப் போனார்கள். மணலில் நேர் நேராக நட்டிருந்தார்கள். அந்தக் கன்றுகளையும் வல்லிபுரம்தான் ஏற்றிப் போனார். நட்டதில் நிலைத்து நின்றது அறிவிப்புப் பலகை மட்டும். குழாயில் வந்தது வெறும் மணல்.

கடைசியாக, வெட்டிய காட்டுக்கு. பெக்கோ தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் ஆழமாக நின்றது. பள்ளத்துக்கு அருகே மிஞ்சிய மேட்டில் குழாயை இறக்கினாள். கோயில் காட்டு மண்ணில் கறுப்பு இருந்த ஆழத்துக்கு இங்கே சாம்பல் நிறம். மேடே ஒரு முழம் தாழ்ந்திருந்தது.

“அதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க மிஸ் போச்சு?” என்று வல்லிபுரம் கேட்டார். ஐந்து வருசமாக நெஞ்சுக்குள் கிடந்த கேள்வி அது, ஆனால் தங்கச்சியின் வயலைப் பற்றியது.

“காத்தாப் போயித்து ஐயா” என்றாள் ஹிதாயா.

பிறகு விளங்கப்படுத்தினாள். கண்ணா மரம் உதிர்க்கிற இலையும் வேரும் சேற்றுத் தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும். காற்றுப் படாததால் உக்கி முடியாது. நூறு நூறு வருசமாகச் சேர்ந்த காபன் என்கிற கரிச்சத்து அது, அந்தக் கறுப்பு அதுதான். மரத்தை வெட்டி வெயில் பட விட்டாலோ, சேற்றைத் தோண்டி வெளியில் போட்டாலோ, காற்றுப் புகுந்து எல்லாம் மெதுவாக எரியும். புகை இல்லை, நெருப்பு இல்லை, ஆனால் எரிவதுதான். அந்தச் சேற்றுக்குள் கந்தகமும் கிடக்கும், அது காற்றுப் பட்டால் அமிலமாகும், அதில் புல்லும் முளைக்காது. சேர்வதற்கு எத்தனையோ தலைமுறை வேண்டும், போவதற்குச் சில வருசம் காணும் என்று சொல்லிவிட்டு அவள் குழாயைக் கழுவத் தொடங்கினாள்.

வல்லிபுரம் கழுவிய குழாயை வாங்கி டிரக்டர் பெட்டியில் ஏற்றினார். பிறகு, மிஸ், இன்னும் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

சீதேவிப்பிள்ளையின் வயலில் ஹிதாயா குழாயை இறக்கவில்லை. ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அமிலம் பட்டால் சிவக்கிற பாசிச்சாயத் தாளைத் தோய்த்தாள். நீலத்தாள் கையில் பிடித்திருக்கும்போதே சிவந்தது. யார் இந்த மண்ணை இங்கே போட்டது என்று கேட்க வாயெடுத்தவள், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாள்.

“இது இன்னும் எரிஞ்சி கொண்டுதான் இரிக்கி. காய விடக் காய விட எரியும். தண்ணியால மூடினா நிக்கும். மிச்சமா இரிக்கிற காபனும் அப்பிடியே தங்கும்” என்றாள்.

“எந்தத் தண்ணி மிஸ்?”

“வருசம் முழுக்க நிக்கிற தண்ணி வேணும் ஐயா. இவடத்த அப்பிடி நிக்கிறது வாவித் தண்ணிதான்.”

அதன் பொருள் வல்லிபுரத்துக்குச் சொல்லாமலே தெரியும். தான் ஆள் உயரத்துக்குக் கட்டிய வரம்பை வெட்டி, உப்புத்தண்ணீரை வயலுக்குள் விடவேண்டும். வயலுக்குள் உப்புத்தண்ணீர் வெட்டி விடுவதென்பது பால் கொடுக்கிற பசுவைக் கசாப்புக்குக் கொடுப்பது மாதிரி. எந்த வேளாண்மைக்காரனும் செய்யமாட்டான். விட்டால் பிறகு அது வயலே அல்ல. சுண்ணாம்பைக் கொட்டிக் கொட்டி இன்னும் பத்து வருசம் பார்த்தால் ஒருவேளை நெல் விளையக்கூடும், ஒருவேளை விளையாமலும் போகும் என்றும் ஹிதாயா சொல்லியிருந்தாள். அது அவருடைய வயல் அல்ல. தங்கச்சியின் சீதனம், தங்கச்சி மகளின் சொத்து. முதல் தடவை அவளைக் கேளாமல் செய்தார். இந்த முறை கேட்காமல் கை வைப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டார்.

தக்ஷாயினி ஆவணியில் வந்தாள். இருபத்துநாலு வயதுக்கு மெலிந்திருந்தாள், கைகள் மட்டும் காய்த்துத் தடித்திருந்தன. இனித் திரும்பிப் போகப் போவதில்லை, வயலைத் திருத்தி யாருக்காவது பங்குக்குக் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கப் போகிறேன் என்று இலட்சுமிப்பிள்ளையிடம் சொன்னாள். அதைக் கேட்ட வல்லிபுரம் பாதிச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டு எழும்பினார்.

அடுத்த நாள் காலை அவளை வட்டைக்குக் கூட்டிப் போனார். பெரிய வரம்பின்மேல் நின்று, ஹிதாயா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார். சுண்ணாம்பு போட்டுப் பார்க்கலாம் என்பதையும் சொன்னார். தண்ணீரை விட்டால் வயல் போய்விடும் என்பதையும் சொன்னார். தக்ஷாயினி அதைக் கேட்டபடி பக்கத்து வயலையே பார்த்துக்கொண்டு நின்றாள். விதைப்புக்கு உழுது புரட்டிய நல்ல மண்.

“மாமா, அண்டைக்கு நாம ஒண்டும் போடாம விட்டிருந்தா?”

பொய் சொல்ல அவருக்கு வழி இருந்தது. கடல் ஏறிய வயல், யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள்.

“ரெண்டு மாரியில வந்திருக்கும் மகள். அவங்கட வயலப் போலதான் நிண்டிருக்கும்” என்றார்.

நாம் என்றுதான் அவள் சொன்னாள், நீங்கள் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் அவரை உடைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வரம்பில் குந்திக்கொண்டு, துவாயால் முகத்தை மூடி அழுதார். தங்கச்சி செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. தக்ஷாயினி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அழுது முடியும்வரை இருந்தாள்.

“எரிஞ்சி கொண்டே இரிக்கெண்டா, அத அணைச்சிருங்க மாமா” என்றாள் பிறகு. “எனக்கு இந்த வயல இப்பிடிப் பாக்க ஏலாது. அம்மாட உடம்பு கிடக்கிற மாதிரி இரிக்கி.”

முதலில் பக்கத்து வயல்களுக்கு உப்பு போகாமல் இடை வரம்பை உயர்த்திக் கட்டினார். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினார். ஒப்புதல் கொடுத்த விதானை, பைத்தியமா உனக்கு என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். பிறகு ஒரு காலை, மண்வெட்டியோடு வாவிப் பக்க வரம்பில் இறங்கினார். வாழ்நாளில் எத்தனை வரம்பு கட்டியிருப்பார், உடைந்த வரம்பை மழைக்குள் ஓடிப்போய் அடைத்திருப்பார். வெட்டியது கிடையாது. முதல் வெட்டு இறங்கவில்லை. தக்ஷாயினி வந்து மண்வெட்டிப் பிடியில் தன் கையையும் வைத்தாள். இருவருமாக வெட்டினார்கள். வாவித்தண்ணீர் ஆரவாரம் இல்லாமல், வெட்டு வாயால் நுழைந்து, வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போனது. மத்தியானத்துக்குள் வயல் இருந்த இடம் வாவியாயிற்று.

அந்த மாரியில்தான் மட்டக்களப்பையே மூழ்கடித்த பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது, நாகதம்பிரான் காட்டிலிருந்து கண்ணாக் காய்கள் முருங்கைக்காய் மாதிரி நீளம் நீளமாக மிதந்து வந்து வயலுக்குள் ஒதுங்கிக் கிடந்தன. சில சேற்றில் குத்தி நின்றன. சில முளைத்தன. பெக்கோ தோண்டிய பள்ளத்துக்கும்தான் காய்கள் போயின. அங்கே ஆழத்தில் கால் ஊன்ற முடியாமல் மிதந்து அழுகின. தன் மண் எங்கே போனதோ அங்கே போய்த்தான் கண்ணா முளைத்தது.

மண்ணுக்கு அது நல்லது. தக்ஷாயினிக்கு என்ன நல்லது? பங்குக்குக் கொடுக்க வயல் இல்லை, இருப்பதற்கு வளவில்லை. இலட்சுமிப்பிள்ளை தன் மகளுக்கென்று வைத்திருந்த வளவில் ஒரு துண்டு தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னாள். அது உங்கட பிள்ளைக்குரியது மாமி என்று அவள் வாங்கவில்லை. சித்திரைக்குப் பிறகு மறுபடி குவைத்துக்குப் போனாள். இந்த முறையும் காலில் விழுந்தாள். வல்லிபுரம் தலையில் கை வைக்காமல், குனிந்து அவளைத் தூக்கிவிட்டார்.

இப்போதும் ஒவ்வொரு பின்னேரமும் அவர் சின்ன வட்டைக்குப் போகிறார். கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. நெருக்கமாக முளைத்தவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒன்று சரிந்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு தடியை ஊன்றிக் கட்டினால் நிமிர்ந்துவிடும். தடியும் பக்கத்தில் கிடக்கிறது, கயிறு மடியில் இருக்கிறது. குனிவார். பிறகு நீட்டிய கையை இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் குவைத்திலிருந்து தொலைபேசி வரும். சுகம் விசாரிப்பாள், மாமியை விசாரிப்பாள், டிரக்டரை விசாரிப்பாள். வைப்பதற்கு முன், சிரித்துக்கொண்டே ஒன்றைக் கேட்பாள்.

“மாமா, வயலுக்கு ஒண்டும் செய்யல்லதானே?”

“இல்ல மகள்” என்பார் வல்லிபுரம். “ஒண்டும் செய்யல்ல.”